உறங்கும் பெட்டிகள் உண்ட மின்னும் உப்பூர்முனைக் கம்பியும்

அருவி வீழ்க. ஆழி சுழல்க. அகங்கள் ஒளிர்க.

மலையருவியைச் சக்கரத்தில் இறக்கி மின்னாக்கி, மனைதோறும் விளக்கிட்ட மின்னளந்த பெருமானின் திருமகளாரும், ஏழு மலைக்கும் ஒரு கடற்கரைக்கும் உரிய தண்ணருவி நாட்டுக் கோமகளாருமாகிய நிலமங்கைப் பெருந்தேவியாரின் ஆணையைத் தலைமேல் தாங்கி, மின்பங்கு அமைச்சு பூண்ட மாதேவன்குடி வெண்ணங்கையாகிய யான், கடைமடைக் கோட்டத்துத் தண்டநாயகரும், புயலுக்கும் பின்வாங்காப் பெருவீரரும், என் மகளை மருமகளாகக் கொண்ட சம்பந்தியாருமாகிய உதியஞ்சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டத்தின் உப்பளங்கள் விளைக. உமது படகுகள் வெறும் வலையோடு திரும்பாதிருக்க. உம் மனையில் யாவரும் நலமுடன் வாழ்க. என் மகளும் அங்கே நலமென்றே நம்புகிறேன். அவள் எனக்கு எழுதியதொன்றை இவ்வோலையின் கடைசியில் சொல்வேன்.

முதற்கண், கோடரியைக் கீழே வையும். வைத்த பிறகு மேலே படியும்.

உப்பூர்முனைக்குச் செல்லும் மின்கம்பியை விசாக நாளில் பொழுது சாயுமுன் வெட்டி எறிக என்றும், அவ்வூர்த் தலைவி நெய்தலாயியை நாட்டெல்லைக்கு அப்பால் விடுக என்றும் முன்னர் உமக்கு வந்த ஆணை இக்கணமே செல்லாதொழிந்தது. எள் என்றால் எண்ணெயாய் நிற்பவர் நீர். ஆணையின் ஈரம் காயுமுன்னே ஆளைக் கம்பத்தில் ஏற்றியிருப்பீர் என்று அஞ்சியே, கைப்பேசிக் குரல் உமது கோட்டத்தை எட்டாமையால், ஓடுங் குதிரைகளில் மிக வல்லதை இவ்வோலைக்குக் கொடுத்தேன். கம்பத்தில் ஆள் ஏறியிருந்தால் கூவி இறக்கும். அந்தக் கம்பியின் முடிவில் பிள்ளைப்பேற்று மனை இருக்கிறது. அதனுள் ஒரு சூட்டுத்தொட்டில் இருக்கிறது. அத்தொட்டிலில், உப்பளத்துச் சங்கிலி என்பவள் ஈன்ற குறைமாதப் பெண்மகவு, தாயின் வயிற்றில் பெறாத சூட்டை மின்னின் வழியாகப் பெற்றுக் கிடக்கிறது. கம்பி அறுந்தால் அந்தச் சூடு அறும். அதற்குமேல் எழுத என் எழுத்தாணி வரவில்லை.

இனி நடந்ததைக் கேளும். கேட்டால் உமக்கும் என்னைப் போலவே தலை சுற்றும்.

நம் நாட்டு வழக்கம் நீர் அறிந்ததே. திங்கள் முடிவில் இல்லத்தார் ஒவ்வொருவரும் ஊர்மன்றம் சென்று, எரியும் அகலின்மேல் கை வைத்து, தம் மனையில் எவ்விளக்கு எரிந்தது, எப்பெட்டி ஆடிப்பாடியது என்று சத்தியம் செய்து சொல்வர். இயங்கியதற்கே கணக்கு. உறங்கியதற்குக் கணக்கில்லை. "தூங்குகிறவன் சோறு தின்பானா?" என்று முன்னோர் ஒரு கேள்வி கேட்டுவைத்தார்கள். அதற்கு விடை தேட இத்தனை தலைமுறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆலை அனுப்பிய மின்னுக்கும் குடிகள் சொன்ன மின்னுக்கும் இடையே பெரும்பள்ளம் விழுந்தபோதெல்லாம், அது கள்வன் தின்றது என்று முடிவு கட்டி, கள்வர் இறை என்றொரு வரியை எல்லா வீட்டுக்கும் பங்கிட்டோம். குடிகளும் முகம் தெரியாத அந்தக் கள்வனை மண்ணை வாரித் தூற்றிக்கொண்டே வரியைக் கட்டினர்.

கள்வன் என்றால் ஒரு முகம் வேண்டுமே. உப்பூர்முனை கம்பியின் கடைக்கோடி. ஆலையிலிருந்து தொலைவு. காவலர் எட்டிப் பாராத ஊர். அவையில் யாரோ அவ்வூரின் பெயரை எடுத்தார், மற்றவர் தலையசைத்தார், அவ்வளவுதான். நெய்தலாயியை அழைத்து வினவிய நாளில் நீரும் அவையில் இருந்தீர். அம்மாது சொன்ன சொல் எழுத்தர் ஏட்டில் அப்படியே கிடக்கிறது: "எங்க ஊர்ல விளக்கு எரியலைங்க, அழுவுது. திருடித் தின்னவன் வயிறு இப்பிடியா ஒட்டிக் கெடக்கும்?" அவை நகைத்தது. நகைத்த வாய்களுள் பெரிய வாய் உம்முடையது என்பதை உரிமையோடு நினைவூட்டுகிறேன்.

மின்னளந்த பெருமான் விண்ணெய்தியதன் ஆண்டு நினைவுநாள் வந்தது. அன்று நாடு முழுதும் விளக்கேற்றா நாளன்றோ? எவரும் தொழில் செய்யார். அடுப்பும் மூட்டார். தலைநகரத்தார் அனைவரும் பழையசோற்று மூட்டையோடு ஆற்றங்கரையில் கூடியிருந்தனர். யானும் போயிருக்க வேண்டும். படித்துறையில் இறங்க என் முழங்கால் ஒப்பவில்லை. அதனால் மேட்டிலுள்ள மின்னாலையிலேயே மலர் தூவிவிட்டு அமர்ந்தேன். முழங்கால் வலிக்கு நன்றி சொல்லும் நாளும் வரும் என்று யார் கண்டார்?

ஊரே மின் உண்ணா நாளில் சக்கரம் எப்படிச் சுழல வேண்டும்? காற்றாய்ப் பறக்க வேண்டும். அதுவோ, எள் நிறைந்த செக்கைப்போல் முனகிக்கொண்டு சுழன்றது. மருத்துவ மனைகளுக்கும் மருந்து காக்கும் குளிர்பெட்டிகளுக்கும் செல்லும் சிற்றளவு மின்னை யான் அறிவேன். அதற்கு இந்த முனகல் இல்லை. ஆலைக் காவலர் என் அருகில் வந்து, இந்தத் துக்க நாளில்கூடக் கள்வன் தின்கிறான் பாருங்கள், உப்பூர்முனையாருக்கு ஈவிரக்கமே இல்லை என்று வெகுண்டார்.

அவர் காட்டிய திசையில் நோக்கினேன். ஆற்றங்கரையில் உப்பு வெளுத்த ஆடையோடு ஒரு பெருங்கூட்டம் அமர்ந்திருந்தது. யாரென்று கேட்டேன். தேவியாரின் காலில் விழுந்து கம்பியைக் காக்க வேண்டி, உப்பூர்முனையே திரண்டு நடந்து வந்திருக்கிறது என்றனர். ஊரில் விட்டுவந்தது சங்கிலியையும் பிள்ளையையும் மருத்துவச்சியையும் மட்டுமே என்றனர்.

சாத்தனாரே, எண்ணிப் பாரும். திருடர் என்றோமே, அத்தனை பேரும் என் கண்ணெதிரே மணலில் அமர்ந்து பழையசோறு பிசைந்து கொண்டிருக்கிறார்கள். அங்கே சக்கரமோ முனகுகிறது. அப்படியானால் தின்பவன் யார்?

ஊருக்குள் இறங்கினேன். தெருவில் ஈ காக்கை இல்லை. கம்மியர் தெருவில் ஒரு வீடு மட்டும் திறந்திருந்தது. அவ்வீட்டு மனையாட்டி தூமணி, பழையதுக்கு மறந்துவிட்டுப் போன ஊறுகாயை எடுக்க ஓடிவந்திருந்தாள். வாயிலில் நின்று உள்ளே பார்த்தேன். பட்டப்பகலிலும் இருண்ட அக்கூடத்தில் செங்கண்கள் என்னையே பார்த்தன. படப்பெட்டியின் நெற்றியில் ஒன்று. பாட்டுப்பெட்டியின் மார்பில் ஒன்று. குளிர்காற்றுப் பெட்டியில் ஒன்று. கைப்பேசிக்கு மின் ஊட்டும் கொடி சுவரில் செருகியபடி தொங்கியது. கைப்பேசி ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. கொடி மட்டும் ஊட்டுவதற்குப் பிள்ளையைத் தேடிக்கொண்டு அங்கேயே இருந்தது. அதற்கும் ஒரு செங்கண். ஒவ்வொரு செங்கண்ணுக்கும் மேலே குங்குமப் பொட்டு! படப்பெட்டிக்கு முல்லைச் சரம் வேறு!

யான் பதறி, இவை ஏன் விழித்திருக்கின்றன என்று வினவினேன். தூமணி தந்த மறுமொழியை அவள் வாய்ப்படியே எழுதுகிறேன்: "முழிச்சிருக்கலை அம்மா, தூங்குது! கைக்கோல நீட்டி எட்ட இருந்தே அமத்திட்டுத்தானே போனேன். கண்ணை மட்டும் தொறந்து வச்சுக்கிட்டு வீட்டைப் பாத்துக்கும். அந்தச் செவ்விளக்கு குளிர்ந்தா குடும்பத்துக்கு ஆகாதுல்ல?"

குற்றம் அவளுடையது அன்று. விளக்கை அணைத்தேன் என்று வாயால் சொல்லவும் கூசி, குளிர வைத்தேன் என்று சொல்லும் குடி நாம். செங்கண்ணும் விளக்கு என்று எவரோ முதலில் ஒரு பொட்டு வைத்தார். அடுத்த வீட்டார் பூ வைத்தார். பிறகு சுவரிலுள்ள விசையைத் தொடுவதே அபசகுனம் ஆயிற்று. யான் படப்பெட்டியின் முதுகில் கை வைத்தேன். சுட்டது! அடுப்பெரியாத நாள், ஆளில்லாத வீடு, உறங்குகிறது என்று சத்தியம் செய்த பெட்டி, அதன் முதுகு தாய்க்கோழியின் வயிறுபோல் வெதுவெதுவென்று இருந்தது. தின்னாதவன் உடம்பில் சூடு ஏது? தூமணியின் கையை இழுத்து அதன்மேல் வைத்தேன். "ஆத்தாடி!" என்றாள். எடுத்த ஊறுகாய்ச் சட்டியைக் கீழே போட்டாள். அந்தக் கறை இன்னும் என் ஆடையில் இருக்கிறது.

உடனே ஆற்றங்கரையில் பறையறைவித்தேன். யாவரும் மனைக்குத் திரும்பி, சுவரிலுள்ள விசையைத் தட்டுக, தொங்கும் கொடியைப் பிடுங்குக, குளிர்பெட்டியையும் நோயாளியின் கருவியையும் மட்டும் தொடாதிருக்க என்றேன். ஆலைக் காவலரிடம், சக்கரத்தின் சுமை இறங்க இறங்கக் கம்பத்தில் வெண்கொடியை ஏற்றுக, நகரத்தின் வீண்சுமை முற்றும் தீர்ந்தால் உச்சிக்கு ஏற்றுக என்று சொல்லி வைத்தேன்.

நகரம் என்னை ஏசிய ஏச்சை ஓலையில் எழுத முடியாது. அமைச்சருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றனர் சிலர். கண்ணை மூடச் சொல்கிறாளே, வீட்டில் யாராவது கண்ணை மூடினால் இவளா வருவாள் என்று ஒரு கிழவர் தடியை ஓங்கினார். தூமணிதான் வீடு வீடாக ஓடி, ஒவ்வொருவர் கையையும் பற்றிப் பெட்டியின் முதுகில் வைத்தாள். வைத்தவர் எல்லாம் ஒரே பேச்சுப் பேசினர்: "அடப்பாவி, நீதானா?" இத்தனை காலம் கள்வர் இறை கட்டியதெல்லாம் தன் கூடத்தில் பூச்சூடி உட்கார்ந்திருந்தவனுக்கே என்று விளங்கியபோது, தடி ஓங்கிய கிழவர் அந்தத் தடியாலேயே விசையைத் தட்டினார். தெருத்தெருவாகச் செங்கண்கள் குளிர்ந்தன. வெண்கொடி மெல்ல ஏறியது.

ஏறி, பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டது.

வணிகர் வீதி முடிந்தது, படைவீடு முடிந்தது, என் சொந்த மனையும் முடிந்தது. கொடி அசையவில்லை. நகரில் இனி எஞ்சியது எது என்று எண்ணினேன். அரண்மனைதான் எஞ்சியிருந்தது.

அரண்மனைக் காவலர் பணிவோடு, இங்கே ஒன்றும் எரியவில்லை, யாவும் உறங்குகின்றன என்றார். அந்தச் சொல்லை அன்று அதற்குமேல் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அவரை விலக்கி உள்ளே சென்றேன். மின்னளந்த பெருமானின் பள்ளிமாடம், அவர் மறைந்த நாளில் இருந்தபடியே இருந்தது. அவர் குளிக்க வெந்நீர் காய்ந்து கொண்டிருந்தது. அவர் கால் நீட்ட மெத்தை சூடேறியிருந்தது. சுவரளவு படப்பெட்டி, கால் பிடிக்கும் நாற்காலி, குளிர்காற்றுப் பெட்டிகள், எல்லாம் செங்கண் திறந்து, வராத மன்னரை எதிர்பார்த்துக் கிடந்தன. தொட்டு அமர்த்த எவருக்கும் நெஞ்சுரம் இல்லை. இறந்தவர் அறையில் விளக்கைக் குளிர வைப்பார் யார்? அடேயப்பா, ஒரு பேட்டையின் மின்னை ஒரு மாடம் தின்று கொண்டிருந்தது!

அப்போது தேவியார், படித்துறைச் சடங்கு முடித்து ஈர ஆடையோடு உள்ளே வந்தார். என்னை அவர் காணவில்லை. நேரே கட்டிலின் தலைமாட்டிற்குச் சென்று, அங்கிருந்த பழைய பாட்டுப்பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடினார். ஒவ்வொரு நாளும் அரியணை ஏறுமுன் அவர் செய்யும் செயல் அது என்று பின்னர் அறிந்தேன். உப்பூர்முனைக் கம்பியை வெட்டும் ஆணைக்கு இசைந்த நாளிலும் அதன்மேல் கை வைத்த பிறகே இசைந்தார் என்றும் அறிந்தேன்.

சொல்லாதிருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், மறைக்கவில்லை. மகளை மணமுடித்துக் கொடுத்து வெற்றில்லத்தில் இருக்கும் எனக்கு, ஒரு மகள் தந்தையைத் தேடும் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். ஆயினும் தொட்டிலில் கிடப்பதும் ஒரு மகள். ஆகவே வாய் திறந்து, நடந்தது அனைத்தையும் விண்ணப்பித்தேன்.

தேவியார் கையை எடுக்கவில்லை. நாட்டுக்கெல்லாம் கோமகளான அவர், சிறுபிள்ளையின் குரலில் கேட்டது இது: "காலையில தொட்டா சூடா இருக்குமே, அமைச்சரே. அது அப்பா இல்லையா?"

இல்லை தேவி, அது உப்பூர்முனைப் பிள்ளையின் சூடு என்று விண்ணப்பித்தேன்.

சொல்லிவிட்டு என் தலை தப்புமா என்றுகூட யான் எண்ணவில்லை. தேவியார் தாமே மண்டியிட்டு, கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டு, அந்தப் பெட்டியின் கொடியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். வெந்நீர்க் கலத்தையும் மெத்தையையும் மற்றவற்றையும் வேறெவரையும் தொடவிடாமல் தாமே அமர்த்தினார். மீண்டும் வந்து பாட்டுப்பெட்டியின்மேல் கை வைத்து, அது ஆறும்வரை அமர்ந்திருந்தார். தந்தைக்கு அன்று அழாத அழுகையை இன்று அழுதார். பெட்டி ஆறியது. சாளரத்தின் வழியே பார்த்தேன். வெண்கொடி உச்சியில் பறந்தது.

தேவியார், ஆற்றங்கரையிலிருந்த நெய்தலாயியை மாடத்திற்கே வரவழைத்தார். திருடி என்ற பழியை அவை நடுவே நீக்குவதாகச் சொல்லி, அவர் கையைத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பிள்ளைக்கு இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருக்குமா தாயே?" என்று மட்டும் அம்மாது கேட்டார்.

தேவியாரின் திருவாணை ஆவது: கள்வர் இறை இன்றோடு ஒழிந்தது. அதனை வாங்குவாரும் கொடுப்பாரும் இனி இல்லை. பெட்டியைக் கைக்கோலால் உறங்கவைத்தல் அமர்த்தியதாகாது, சுவரின் விசையைத் தட்டியதே அமர்த்தியதாகும். பல பெட்டி உடையோர் அவற்றையெல்லாம் ஒரே விசைப்பலகையில் கோத்து, படுக்கைக்குச் செல்லுமுன் ஒரு தட்டில் அமர்த்துக. கைப்பேசி உண்டு முடித்தவுடன் ஊட்டுங்கொடியைச் சுவரிலிருந்து எடுக்க. செங்கண்ணுக்குப் பொட்டிடுவோரைத் தண்டிக்க வேண்டா, அவர் கையைப் பெட்டியின் முதுகில் வைத்துக் காட்டினால் போதும். தலைமடை வயல் தூக்கத்திலும் நீர் குடித்தால் கடைமடை வயல் காயும் என்பதை உழவர் நாட்டிற்கு வேறெப்படிச் சொல்வது?

இனி உமக்கு. உமது மாளிகையில் மூன்று படப்பெட்டிகள் இரவும் பகலும் உறங்குகின்றன என்றும், உட்காராத நேரத்திலும் உம் கால் பிடிக்கும் நாற்காலியின் செங்கண் மூடுவதே இல்லை என்றும் என் மகள் எழுதியிருக்கிறாள். அவளைக் கடிந்துகொள்ள வேண்டா, நாற்காலியைக் கடிந்துகொள்ளும். உப்பூர்முனைக்குச் செல்லும் கம்பி உம் மாளிகையைத் தாண்டித்தான் போகிறது.

இவ்வோலையை எழுதி முடித்து முத்திரைக்கு நீட்டினேன். உருகிய அரக்கில் மோதிரத்தைப் பதிக்குமுன் தேவியார் ஒரு சொல் சேர்க்கச் சொன்னார். அதனை அவர் ஆணையாகவே கொள்ளும். படித்த கையோடு உப்பூர்முனைக்குச் செல்லும். பிள்ளைப்பேற்று மனையில் அனுமதி கேட்டு, கைகழுவி உள்ளே புகும். தொட்டிலின்மேல் உமது உள்ளங்கையை வைத்துப் பாரும். சூடு இருந்தால் அதை மறு ஓலையில் எழுதி, இதே குதிரையில் விடும். தேவியார் இனி அரியணை ஏறுமுன் அந்த ஓலையின்மேல்தான் கை வைப்பார்.

இங்ஙனம், ஆணையின்படி எழுதினேன், மின்பங்கு அமைச்சர் வெண்ணங்கை. அருவி முத்திரை, நிலமங்கைப் பெருந்தேவியார் திருக்கை.